அண்ணன் குடித்த கஷாயம்

கருஞ்சீரகம் கொதிக்கும் வாசனை எங்கே வந்தாலும், கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் நாங்கள் குடியிருந்த மூங்கில் தட்டி வீடு என் கண்முன் வந்து நிற்கும். சுரங்கத் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைனுக்கு மின்விளக்கு வராத காலம் அது; நான் பாவாடை கட்டிய சிறுமி. தங்கப்பாறையை இடிக்கும் மில்லின் சத்தம் தரைக்குள்ளிருந்து எழுவதுபோல் ஓயாமல் கேட்கும். கனவில்கூட அது நிற்காது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அம்மா மண்சட்டியில் கஷாயம் காய்ச்சுவாள். குடிக்க வேண்டியவள் என் அண்ணி.

அண்ணி குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மெதுவாக நடப்பாள், மெதுவாகப் பேசுவாள். மாதாமாதம் தூரமாவது அவள் உடம்புக்கு வழக்கமில்லை. இரண்டு மாதம் வராது, சில சமயம் நான்கு மாதமும் வராது. கர்ப்பமான பெண்ணை 'முழுகாமல் இருக்கிறாள்' என்பது எங்கள் பேச்சு. அண்ணியோ வயிற்றில் எதுவும் இல்லாமலே முழுகாமல் இருப்பாள். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் அம்மாவின் முகம் மலரும். பிறகு ஒருநாள் அண்ணி பேசாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டில் ஒதுங்குவாள். இப்படியே போகப்போக அம்மா ஆசைப்படுவதை விட்டுவிட்டாள். "ரத்தம் கட்டிக்கினு கீது. மாசாமாசம் எறங்கினாத்தான் வயித்துல புள்ள தங்கும்" என்று முடிவுகட்டி, தள்ளிப்போகும் போதெல்லாம் கருஞ்சீரகமும் எள்ளும் இன்னும் என்னென்னவோ வேர்களும் போட்டுக் காய்ச்சத் தொடங்கினாள். அம்மாவிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அண்ணனுக்கு இன்னொரு பெண் பார்க்கச் சொன்ன உறவினர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவளும் அவள்தான். அண்ணி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். சிலமுறை வரும், சிலமுறை வராது. ஒருமுறை வந்தது நிற்காமல் போய், பல நாள் பாயோடு கிடந்தாள்.

மழை முடிந்து பனி இறங்கத் தொடங்கிய ஒரு காலை. மறுபடியும் தள்ளிப்போயிருந்தது. அம்மா நீட்டிய டம்ளரை அண்ணி கையில் வாங்கவில்லை.

"இந்த வாட்டி வாணாம் அத்தே."

"ஏன், இன்னா வந்துச்சி உனக்கு?"

"வேற மாரி கீது. வெளக்கெண்ணெ வாசனயே ஆவல. மார் வலிக்குது."

"போன வாட்டியும் தலசுத்துதுன்ன. அப்பறம் இன்னா ஆச்சு?"

"பஞ்சத்துல எங்கூரு பொண்ணுங்க பாதி பேருக்கு நின்னுபோச்சு அத்தே. எனக்கும்தான். யாரும் மருந்து குடுக்கல. கஞ்சி கெடச்சப்பறம் தானா வந்துச்சி. என் ஒடம்பு அப்டித்தான். வர்றப்ப வரட்டும். புள்ளயா இருந்தா அதுவும் வரட்டும்."

மாமியாரை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து இரவு ஷிப்ட் முடிந்து அண்ணன் உள்ளே வந்தான். தலையிலிருந்து கால்வரை பாறைத்தூசி, கண்கள் மட்டும் சிவந்திருந்தன. அம்மா டம்ளரை நீட்டியபடியே முறையிட்டாள். அண்ணன் இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு டம்ளரை வாங்கி, சுரங்கத்துக்குள் இருந்த தாகம் முழுவதையும் தீர்த்துக்கொள்பவன்போல ஒரே மூச்சில் குடித்துவிட்டான்.

"அய்யய்யோ, அது பொம்பளைங்க மருந்துடா!"

"காலியாச்சு இல்ல? இனிமே காய்ச்சாதம்மா." வாயைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டான். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. அம்மா அதற்குப் பிறகு பல நாள் அவளிடம் பேசவில்லை.

தை பிறந்திருந்தது. ஒரு மத்தியானம் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த அண்ணியின் கை சட்டென்று நின்றது. தூரத்தில் யாரோ கூப்பிட்டதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் கையை இழுத்து அடிவயிற்றில் வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம், கலங்கிய தண்ணீருக்குள் ஒரு மீன் திரும்புவதுபோல, உள்ளே என்னவோ மெல்லத் திரும்பியது. நான் கத்திய கத்தலில் அம்மா ஓடிவந்தாள். அவளும் கையை வைத்தாள். எடுக்கவே இல்லை. அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை.

"அப்ப, அன்னைக்கு ரத்தம் நிக்காமப் படுத்துக் கெடந்தியே... அதுவும் புள்ளதானா? நானே கரைச்சிட்டனா?"

அண்ணி அம்மாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"தெரியாது அத்தே. யாருக்கும் தெரியாது."

அம்மா அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச நாளை வாழ்ந்தாள். ஆனியில் பிறந்த பேத்தியைத் தரையில் விடாமல் வளர்த்தாள். இப்போது என் மகளுக்கு நாள் தள்ளிப்போனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நூறு கேள்வி கேட்ட பிறகே மருந்தைப் பற்றிப் பேச்செடுக்கிறாள். அண்ணியை அப்படிக் கேட்க அன்று யாரும் இல்லை. நானும் இரண்டு பெற்று, ஒன்றை மூன்றாம் மாதத்திலேயே பறிகொடுத்தவள். வழக்கமாக வருவதற்கும் கரு கலைந்து போவதற்கும் உள்ள வித்தியாசம் உடம்புக்கு மறப்பதில்லை. அன்று அண்ணி 'தெரியாது' என்று சொன்னதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அவளுக்குத் தெரிந்திருந்தது.