பந்தயக் கார்களுக்கு விட்ட வழி

ஆம்புலன்ஸுக்கு எல்லா வாகனங்களும் வழிவிட வேண்டும் என்பது விதி. போக்குவரத்து அலுவலகத்தில் பணியில் இருந்தபோது பலருக்கு அதைப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

அன்று சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை மறித்திருந்தார்கள். சர்வதேச ஜிடி பந்தயத்துக்கு வந்த வெளிநாட்டுக் கார்கள் கன்டெய்னர் லாரிகளில் போய்க்கொண்டிருந்தன. ஆம்புலன்ஸில் மாரடைப்போடு என் மனைவி ஸ்டெல்லா.

டிரைவர் இறங்கிக் கெஞ்சினார். காவலர் தடுப்பை நகர்த்தக் கை வைத்தார். நான் எழுந்தேன். ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் எங்கே வாதாடப் போனாலும் அப்படித்தான் இழுப்பாள். உதறிவிட்டு இறங்கினேன்.

"எந்த உத்தரவின்படி மறித்தீர்கள்? நகலைக் காட்டுங்கள்."

காவலர் கையை எடுத்துவிட்டார். "சட்டம் பேசுறியா பெரிசு? அப்ப லாரியெல்லாம் போகட்டும், நில்லு."

"இன்னாத்துக்கு நைனா வாயத் தொறந்த? அவுரு வுட்டுகினு தான இருந்தாரு!" என்றார் டிரைவர்.

கார்களுக்கு அடிபடக் கூடாதென்று லாரிகள் மெதுவாகவே போயின. கடைசி லாரி கடப்பதற்குள் ஸ்டெல்லா போய்விட்டாள்.

பந்தய அமைப்பாளர்களுக்கு முறைப்படி புகார் எழுதினேன்; எனக்கு வேறென்ன தெரியும்? நான் நகல் கேட்டதை மட்டும் அதில் எழுதவில்லை.

"தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. அடுத்த சுற்றுக்கு இருவருக்கான இலவச அனுமதிச் சீட்டை இணைத்துள்ளோம்" என்று பதில் வந்தது. வந்த தேதி, ஸ்டெல்லாவின் முதலாமாண்டு நினைவுத் திருப்பலி நாள்.