மூன்றாவது ஒயரும் மலைமேல் செல்வியும்

சூட்டை அளந்து சோறு தின்னும் தொழில் என்னுடையது. கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள மில்களுக்கும் பால் நிலையங்களுக்கும் வெப்ப சென்சார் மாட்டிக் கொடுக்கிறேன். மனைவி செல்வி கல்வராயன் மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடும்பஸ்தர்களாக இருக்கும் சகோதரர்களே, உங்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. மூன்று வருடமாக அவளுடைய டிரான்ஸ்பருக்குக் காத்திருக்கிறேன். இந்த மாதம் கவுன்சலிங்.

எரிய எரிய இறங்கியது

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஓர் அரிசி மில். பாய்லர் அடுப்பின் சூட்டைத் தாங்க தெர்மோகப்பிள்தான் சரி. இரண்டு வேறு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் சேர்த்துப் பற்றவைத்தது அது. நுனி சூடானால் துளி மின்சாரம் பிறக்கும். மாட்டிவிட்டு வந்த மறுநாளே போன். அடுப்பு எரிய எரிய மீட்டர் இறங்குகிறதாம்.

போய்ப் பார்த்தால், நான் மாட்டியதை மில் எலக்ட்ரீஷியன் 'திருத்தி' வைத்திருக்கிறார். நம் ஊரில் சிவப்பு ஒயர் என்றால் பிளஸ். இந்த கேபிளில் மட்டும் சிவப்புதான் மைனஸ். மீட்டரை நம்பி அடுப்புக்காரர் ஏழுமலை உமியை அள்ளி அள்ளிக் கொட்டியிருக்கிறார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இன்னா சார் மிஷினு இது? நான் அடுப்பு எரிச்சிக்கினு இருக்கேன், அது ஐஸ் பொட்டின்னு சொல்லுது!"

தூரத்தைக் கழிப்பது

மணலூர்பேட்டை அருகே பால் குளிரூட்டும் நிலையம். அங்கே பிடி-100 என்ற சென்சார். பிளாட்டினக் கம்பிதான், சூடு ஏற ஏற மின்தடையும் ஏறும், அரை டிகிரிக்குக்கூட நம்பலாம். ஆனால் தொட்டியில் நாலு டிகிரி, மீட்டரில் ஏழு. மூன்று ஒயர் போக வேண்டிய இடத்தில் சிக்கனமாக இரண்டை இழுத்திருந்தார்கள். நீள ஒயருக்கும் தடை உண்டு, அதையும் மீட்டர் சூடாக எண்ணிக்கொள்ளும். மூன்றாவது ஒயர்தான் அந்தத் தூரத்தைக் கழிக்கும் என்று மேலாளர் அம்மாவுக்கு விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். செல்வி நினைப்பு வந்துவிட்டது. "மலைப்பாதையைக் கழிக்க ஓர் ஒயர் இருந்தால் நன்றாக இருக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், தொட்டிய சொல்றீங்களா, வூட்ட சொல்றீங்களா?"

ஐந்து நிமிட வேலை

செல்வியின் சுகாதார நிலையத்திலிருந்தே அழைப்பு. தடுப்பூசி பிரிட்ஜில் அலாரம் ஓயவில்லை. புதன்கிழமையே மலையேறும் பாக்கியம்! புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அந்த பிரிட்ஜில் இருப்பது தெர்மிஸ்டர் வகை சென்சார். அடுப்புக்கு ஆகாது, ஆனால் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் சின்ன மாற்றத்தையும் பிடித்துவிடும். துடைக்கும்போது யார் கையோ பட்டு, அதன் நுனி பனி படிந்த சுவரில் ஒட்டியிருந்தது. மருந்து நன்றாகவே இருந்தது. சென்சார் சுவரின் குளிரைச் சொல்லிக்கொண்டிருந்தது. எடுத்து நடுவில் வைக்க ஐந்து நிமிடம். நான் இரண்டு மணி நேரம் திருகாணிகளைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். அவள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நடப்பதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

டீ கொண்டுவந்தாள். கவுன்சலிங் எப்போது என்று கேட்டேன். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "போன வாரமே முடிஞ்சிடுச்சிங்க. கீழ எடம் இருந்துது, நான்தான் கேக்கல. எனக்குப் பதிலா வர ஆளில்ல. நான் எறங்கிட்டா இந்தக் கொழந்தைங்களுக்கு யாருங்க ஊசி போடுவா?"

எந்த சென்சாரை எங்கே வைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நான், இப்போது மலைமேல் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறேன்.