பிரிஜெட் நர்ஸம்மாவின் துரை

எனக்கு நாய் என்றால் ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூர் மர்பி டவுனில் நாங்கள் குடியிருந்த லைனில் வீடு பதினாறு, நாய் பத்தொன்பது. அதில் நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஒரு நாயும் தேறாது, துரையைத் தவிர. துரையைப் பற்றிக்கூட நான் எழுத நினைக்கவில்லை. அதை வைத்திருந்த பிரிஜெட் நர்ஸம்மாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நாயை விட்டுவிட்டு அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வராது என்பது இரண்டு தாளைக் கிழித்துப் போட்ட பிறகே தெரிந்தது.

பிரிஜெட் எனக்கு அடுத்த வீடு. நான் அப்போது கண்டோன்மெண்டில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர் மிட்வைஃப் பரீட்சை பாஸ் செய்த நர்ஸ். சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு, திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். புருஷன் ரெஜிமெண்ட் சமையல்கட்டில் வேலை பார்த்து, காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. நாற்பது வயதில், வெள்ளைப் புடவையும் கறுப்புப் பையும் கம்பி உடைந்த குடையுமாக அவர் நடந்தால் கூட நடக்கிறவனுக்கு மூச்சு வாங்கும். வாயும் அதே வேகம். வலியில் கிடக்கிறவளைத் திட்டியே பெற வைப்பார் என்று பெண்கள் சொல்வார்கள். திட்டு வாங்கினவர்களே அடுத்த பிரசவத்துக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

முப்பத்து நாலாம் வருஷம் ஒருநாள் ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து ஒரு நாய் அவர் பின்னாலேயே வந்தது. செம்பட்டை நிறம், ஒரு கண் மட்டும் பூனைக்கண். வெள்ளைக்கார துரை மாதிரி பார்க்கிறது என்று யாரோ சொல்ல, துரை என்றே பேர் நின்றுவிட்டது. "துரை, எழுந்திரு, வழியை விடு" என்று அந்தக் காலத்தில் வாய்விட்டுச் சொல்ல முடிவதில் எங்கள் லைனுக்கே ஒரு சந்தோஷம் இருந்தது.

துரைக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. "மனுஷங்களுக்குச் சொல்லிக் குடுக்கவே எனக்கு நேரம் பத்தல, இதுக்கு வேற பாடம் நடத்தணுமா?" என்பார் பிரிஜெட். ஆனால் அதனிடம் இருந்த ஒழுங்கு என் வகுப்பில் முப்பது பையன்களிடம் கிடையாது. லைனுக்குள் அசிங்கம் பண்ணாது. கடைசி வீட்டைத் தாண்டிப் புளியமரத்தடிக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். ஒரு செருப்பைத் தொடாது.

நர்ஸம்மாவுடன் அது போகாத பிரசவ வீடு இல்லை. எந்த வீட்டில் எதுவரைக்கும் போகலாம் என்று அதற்கு ஒரு கணக்கு இருந்தது. மிஸஸ் பெட்டியின் பங்களாவில் முன்படி ஏறி, தேங்காய்நார் மிதியடியில் படுக்கும். தையற்காரர் சம்சாரம் ஃபாத்திமா வீட்டில் வாசல் திரைக்கு நாலடி தள்ளியே நிற்கும். அல்சூரில் சீனிவாசராகவன் வீட்டில் முன்வாசல் பக்கமே போகாது. கோலத்தைச் சுற்றிக்கொண்டு, துப்புரவுக்காரர்கள் வந்துபோகிற பக்கத்துச் சந்தில் நுழைந்து, கொல்லைக் கதவுக்குப் போய் உட்காரும். கதவு திறக்கும்வரை குரைக்காது.

"எத்தனை நல்ல பழக்கம் பாரு. யாரும் சொல்லாமலேயே இந்த ஆத்துல எப்படி இருக்கணும்னு அதுக்குத் தெரியறது" என்று சீனிவாசராகவனின் அம்மா அலர்மேல்மங்கை மாமி சொல்லுவார். நர்ஸம்மாவும் அதை எங்களிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீனிவாசராகவனுக்கு சர்க்கார் உத்தியோகம். மூன்று தலைமுறையாக பெங்களூர். வீட்டுக்குள் தமிழ், கடைக்காரனிடம் கன்னடம். நல்ல மனுஷர்கள். நாங்கள் வேதக்காரர்கள். வேதத்துக்கு வருமுன் நாங்கள் யார் என்பது அல்சூருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதை யாரும் பேசுவதில்லை. மாமி பிரிஜெட்டை ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடத்தியது கிடையாது. கொல்லை மாடத்தில் பிரிஜெட்டுக்கென்று ஒரு டம்ளர் இருந்தது. அதில் காபி நன்றாகவே இருக்கும்.

மருமகள் அனந்தலக்ஷ்மிக்கு முதல் பிரசவம் பிறந்த வீட்டில் ஆகி, குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது. இரண்டாவதை பிரிஜெட் கையில் ஒப்படைத்தார்கள். முப்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசி மாசம், மத்தியானம் இரண்டு மணி, நல்ல மழை. வேலைக்காரி ஓடிவந்து சொல்லிவிட்டு, அப்படியே லேடி டாக்டரைக் கூப்பிட ஓடினாள். பிரிஜெட் குடையோடு சந்தில் நுழைந்து கொல்லைக் கதவைத் தட்டினார். சாரல் அடிக்கிறதென்று உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். கொல்லையில் தகரக் கொட்டகை. மழைச் சத்தத்தில் கதவு தட்டுவது கேட்கவில்லை. முன்வாசல் திறந்துதான் கிடந்தது. முன் வராந்தாவில் சீனிவாசராகவன், நர்ஸ் வருகிறாளா என்று தெருவைப் பார்த்துக்கொண்டே நடந்துகொண்டிருந்தார்; மழையில் பிரிஜெட் சந்துக்குள் திரும்பியது அவர் கண்ணில் படவில்லை. பின்பக்கத்தில் கால் மணி நேரம் தட்டினார் பிரிஜெட். துரையும் பக்கத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. குரைக்கவில்லை. குரைக்காமல் காத்திருப்பது அதன் நல்ல பழக்கங்களில் ஒன்று.

கதவு திறந்தபோது குழந்தை பாதி வெளியே வந்திருந்தது. கொடி கழுத்தைச் சுற்றி இறுகியிருந்தது. ஆண் குழந்தை. உயிர் இல்லை.

யாரும் பிரிஜெட்டைக் குறை சொல்லவில்லை. மழை, விதி, ஜாதகம் என்று சொன்னார்கள். அன்றைக்கும் மாமி கொல்லை மாடத்து டம்ளரில் காபி ஊற்றிக் கொடுத்தார். பிரிஜெட் அதைக் குடித்துவிட்டு வந்தார். அடுத்த இரண்டு வாரம், என் மனைவி கோமளம் கொண்டுபோய் வைத்த சோற்றைத் துரைக்குப் போட்டார்.

அதற்கு ஏழெட்டு மாசம் கழித்து வந்தது ஹெர்பர்ட் பேச்சு. ஹெர்பர்ட், ரயில்வேயில் கார்டாக இருந்து பென்ஷன் வாங்கினவர். ஒரு வெள்ளைக் குட்டி நாயை விசில், பிஸ்கட், இங்கிலீஷ் எல்லாம் வைத்து ஒரு வருஷம் பழக்கியும், அது பிஸ்கட்டைக் கண்ணில் கண்டால்தான் உட்காரும். துரையைப் பார்த்தால் அவருக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் எங்கள் லைனில் நின்று, "நர்ஸம்மா, சத்தியமா சொல்லுங்க, துரைக்கு யாரு ட்ரெயினிங் குடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் குடுக்கல சார். தானா வந்த பழக்கம்."

"தானால்லாம் வராது. ரெண்டு மாசமா வாட்ச் பண்றேன். நீங்க எங்க ஏறுறீங்களோ அது அங்க ஏறுது. நீங்க எங்க சுத்திப் போறீங்களோ அதுவும் அங்கதான் சுத்திப் போவுது. நாயி ஒங்க காலைப் பாத்துத்தான் கத்துக்கிட்டிருக்கு" என்றார் ஹெர்பர்ட். ஒரு பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த திருப்தியில் விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டார்.

பிரிஜெட் அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"வாத்தியாரே, நீங்க கணக்கு வாத்தியார்தானே. அல்சூர் மாமி வூட்டுச் சந்து முனையிலேருந்து முன்கதவு எத்தினி அடி, பின்கதவு எத்தினி அடி?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நான் இன்னிக்குப் போயி நடந்து பாத்துட்டு வந்தேன். முன்கதவுக்கு ஒம்பது எட்டு வைக்கணும். பின்கதவுக்கு அறுவத்திரெண்டு."

அவரே மேலே பேசினார்.

"என்னை அந்தப் பக்கமா வரச்சொன்னது யாரு? ஒருத்தரும் சொல்லல. மாமி சொல்லல, அய்யரு சொல்லல. மொத நாள் போனேன், அந்த வாசலைப் பாத்தேன், கால் தானா சந்துப் பக்கம் திரும்பிச்சு. எங்க அம்மாவுக்கும் அப்டித்தான் திரும்பிச்சு. ஒரு உசுரு போயிருக்கு வாத்தியாரே. நான் வாயைத் தொறந்து முன்பக்கம் ஓடியிருந்தா அது இன்னிக்குத் தவழ்ந்துக்கிட்டிருக்கும். நாய்க்கு நல்ல பழக்கம்னு நானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

அவர்கள் ஐயங்கார், அய்யர் இல்லை என்று திருத்த வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். அழுகிற பெண்ணிடம் பேச எனக்கு வராது. உள்ளே போய்க் கோமளத்தை அனுப்பினேன்.

முப்பத்தாறாம் வருஷக் கடைசியில் அனந்தலக்ஷ்மி மூன்றாவதாக உண்டானாள். உடம்பு கம்பியாக இளைத்திருந்தது. ஐந்தாம் மாசம் பார்க்கப்போன பிரிஜெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "நர்ஸம்மா, இதுவும் இல்லேன்னா என்னைப் பொறந்தாத்துக்கே அனுப்பிடுவா. அவருக்கு வேற பொண் பாக்கறதா பேச்சு அடிபடறது. நீங்க எப்படியாவது நேரத்துக்கு வந்துடுங்கோ" என்றாளாம். பிரிஜெட் அவளைத் திட்டவில்லை. அவர் திட்டாத கர்ப்பிணி எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான்.

வழியைப் பற்றி முன்கூட்டியே மாமியிடம் கேட்டுவிட வேண்டும் என்று பிரிஜெட் தீர்மானித்தார். "வலி கண்டா நான் முன்பக்கமா வந்துடட்டுமாம்மா" என்று கேட்டால் தீர்ந்தது. இதைக் கேட்கவென்றே இரண்டு தடவை அல்சூருக்குப் போனார். இரண்டு தடவையும் விளக்கெண்ணெய் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினார். ஊரையே அதட்டுகிற வாய்க்கு அந்த ஒரு கேள்வி வரவில்லை. "கேட்டு, அவுங்க யோசிச்சாங்கன்னா? அந்த யோசனையை என்னால பாக்க முடியாது" என்றார் எங்களிடம்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை பகல் மூன்று மணிக்கு ஜட்கா வண்டி வந்தது. பத்து நாள் முன்னதாகவே வலி. பிரிஜெட் ஏறிக்கொண்டார், துரை பின்னால் ஓடியது. சந்து முனையில் இறங்கினார். அவர் கால் சந்துக்குள் திரும்பிவிட்டது. துரை அவரை முந்திக்கொண்டு, வழக்கம்போல் கொல்லைக் கதவை நோக்கிப் போனது. நாலைந்து எட்டு வைத்த பிறகுதான் தாம் போவது எந்த வழி என்று அவருக்கு உறைத்தது. அப்படியே திரும்பினார். பயமாக இருந்தது என்று ஒளிக்காமல் சொன்னார். ஒரு பிரசவத்தில்கூட அப்படிப் பயந்ததில்லையாம்.

கோலத்தைத் தாண்டி, மூன்று படி ஏறி, வராந்தாவில் நின்றிருந்த சீனிவாசராகவனைக் கடந்து, கூடத்தில் நடந்தார். பூஜை அறையைத் தாண்டும்போது புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டார். எதிரே வந்த மாமி, "வந்துட்டியா, சீக்கிரம் வா, தலை தெரியறது" என்றார். அவ்வளவுதான். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை.

இந்தத் தடவையும் கொடி கழுத்தில் இரண்டு சுற்று. விரலை விட்டு ஒவ்வொரு சுற்றாக எடுத்தார். குழந்தை நீலம் பாரித்து, துவண்டு வந்தது. தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார், வாயைத் துடைத்தார், ஊதினார். கொஞ்ச நேரம் கழித்து அழுதது. பெண். "இன்னும் ரெண்டு நிமிஷம் தள்ளியிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார். அந்தம்மாள் நிமிஷக் கணக்கில் பொய் சொல்கிறவர் இல்லை. வெளியே வந்தபோது, துரை சந்திலிருந்து திரும்பிவந்து முன்படியில் உட்கார்ந்திருந்தது.

அவர் போன பிறகு கூடம் முழுக்க அலம்பிவிட்டார்கள் என்று வேலைக்காரி சொன்னாள். பிரசவமான வீடு, எப்படியும் அலம்புவார்கள். எதற்காக அலம்பினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து, பிள்ளைக்குத் தொப்புள் ஆறியிருக்கிறதா என்று பார்க்கப் போனார் பிரிஜெட். அன்றைக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். சந்து முனையில் நின்றுவிட்டார். துரை நிற்கவில்லை. கோலத்தைச் சுற்றிக்கொண்டு, மூன்று படியும் ஏறி, முன்கதவுக்கு நேரே உட்கார்ந்துவிட்டது. நாக்கைத் தட்டிக் கூப்பிட்டார். வரவில்லை. அதற்குள் மாமி கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். நாயைப் பார்த்தார், தெருவில் நின்ற பிரிஜெட்டைப் பார்த்தார்.

"என்ன பிரிஜெட், துரைக்குப் பழக்கமெல்லாம் மாறிப்போச்சே?"

"ஒரு நாள்ல கத்துக்கிச்சும்மா. எனக்குத்தான் இத்தினி வருஷம் ஆயிருக்கு" என்றார் பிரிஜெட். சொல்லிவிட்டுப் படியேறினார்.

மாமி கதவைப் பிடித்தபடி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார். வழி விட ஒதுங்கினாரா, மேலே பட்டுவிடாமல் ஒதுங்கினாரா என்று நான் பிரிஜெட்டைத் துருவிக் கேட்டேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டும் போல இருந்தது.

"அவுங்க மூஞ்சியைப் பாக்க எனக்கு எங்க வாத்தியாரே நேரம்? உள்ள கொழந்த அழுதுச்சு. போனேன்."