அண்ணனுக்கெண்டு வைச்ச மூடை

குருவி மச்சாள்... நேத்து விடியக்குள்ள ஆஸ்பத்திரியில போயிட்டாய். உன்ட மகள் ஃபோன்ல அழுதாள். எனக்கு இன்னும் அழுகை வரல்ல. கோவம்தான் வருது.

தெரியாத ஆக்களுக்குச் சொல்றன். இவ என்ட அண்ணன்ட பொஞ்சாதி. செட்டிபாளையத்து ஆள். ஆள் சின்னன், வாய் ஓயாது. அதால குருவி.

எங்கட வயல் வாவிக்கு அங்கால, படுவான்கரையில. சண்டைக் காலத்துல அங்கால யூரியா கொண்டு போக ஆமிக்காரங்க விடமாட்டாங்க. குண்டு செய்யலாமெண்டு தடை. சனம் ஒளிச்சுத்தான் கொண்டு போகும். அண்ணனும் தவிட்டு மூடைக்குள்ள ஒரு பை வைச்சுக் கட்டினான்.

தோணித் துறையடியில மூடையைக் குத்திப் பாத்தாங்க. விசாரிச்சிட்டு விடுறம் எண்டு ஆளைக் கொண்டு போனாங்க... அவ்வளவுதான். ஒரு பை பசளைக்கு ஒரு மனுசன்.

நீ கேம்ப் கேம்பா அலைஞ்சாய். மறுகா ஒரு நாள் வயல் வட்டைக்கு வந்து, வரம்பில நிண்ட பொம்புளையளிட்டச் சொன்னாய், "இனி ஒருத்தியும் புருசனை இந்தச் சனியனுக்கு அனுப்பக்கூடாது. இது இல்லாம விளைய வைப்பம். எப்படியெண்டு எனக்கும் தெரியாது. சேந்து பாப்பம் கா."

அப்படித்தான் தொடங்கினது. ஒருத்தி சாணம் போட்டுப் பாத்தாள். ஒருத்தி குளத்துல மிதக்கிற ஆத்துவாழையை இழுத்துப் போட்டு மக்க வைச்சாள். நீயும் நானும் வேலிக் கிளிசரியா இலை வெட்டி மண்ணுக்குள்ள தாட்டம். ஒருத்திர வயலை மத்தவள் எல்லாரும் போய்ப் பாத்து, குறை சொல்லி, சண்டை பிடிச்சு...

முதல் போகம் நாறிப்போச்சு. பச்சை இலையை உழுது தாட்டு, அடுத்த நாளே விதைச்சிட்டம். பயிரெல்லாம் மஞ்சள். பக்கத்து வயல் மாமா வரம்பில நிண்டு கேட்டார், "மாட்டுக்குப் போடுறதை வயலுக்குப் போட்டிருக்கிறியள், பால் கறக்குமா புள்ள?"

நீ குனிஞ்ச தலை நிமிரல்ல. "கறக்கும் மாமா. செம்பைக் கழுவி வையுங்க."

அடுத்த போகம் இலையை முன்னுக்கே தாட்டு, தண்ணி கட்டி, நல்லா அழுக விட்டுத்தான் விதைச்சம். வைக்கலையும் எரிக்கல்ல. புகை கிளம்பினா ஹெலி வந்து சுத்தும், அந்தப் பயம். மறுகா மண் கறுத்து வந்ததைக் கண்டு, எரிக்கிறதையே விட்டிட்டம். மருந்து அடிக்காததால வயல் தண்ணிக்குள்ள பனையான் மீன் துள்ளிச்சு.

அந்த வேளாண்மை வெட்டில பசளைக் கடைக் கடனுக்கெண்டு ஒரு நெல் மூடையும் போகல்ல. முழுக்க வீட்டுக்கு வந்துது. அண்ணன் இருந்த காலத்துலயும் அப்படி மிஞ்சினதில்ல.

மாமாவும் வந்து, இலையை எவ்வளவு நாள் அழுக விடுறதெண்டு கேட்டார். செம்பு கொண்டு வந்தீங்களா எண்டு கேட்டிட்டுத்தான் சொல்லிக் குடுத்தாய்.

அந்த நெல்லில ஒரு மூடையைக் கட்டி வீட்டு மூலையில வைச்சாய். "உன்ட கொண்ணன் வந்தா, யூரியா இல்லாத சோறு எப்படியெண்டு தின்னட்டும்."

அடுத்த வெட்டில புது மூடை வந்தாத்தான் பழசைப் பிரிப்பாய். இடம்பெயர்ந்த வருசம் விளைஞ்ச வேளாண்மையை அப்படியே விட்டிட்டு ஓடினம். ஆர் வெட்டித் திண்டாங்களோ... நீ அந்தப் பழைய மூடையில பாதியைச் சீலையில கட்டித் தலையில வைச்சுக்கொண்டு நடந்தாய். முகாமில சனம் பசியில கேட்டும் அவிழ்க்கல்ல.

சண்டை முடிஞ்சு கன வருசத்துக்குப் பிறகு கல்லடியில ஒரு ட்ரெயினிங். இயற்கை விவசாயமாம். உன்னையும் மேடைக்குக் கூப்பிட்டாங்க. மைக் பிடிச்சவர் "கணவனை இழந்த ஒரு பெண்" எண்டு தொடங்கினார்.

நீ மைக்கை வாங்கினாய். "இழக்கல்ல தம்பி. கொண்டு போனவங்க திருப்பித் தரல்ல."

இறங்கி வந்திட்டாய். சோத்துப் பார்சலும் வாங்கல்ல. எனக்குப் பசி, பஸ்ஸில உன்னை ஏசிக்கொண்டே வந்தன்.

இண்டைக்கு உன்ட மரண நோட்டீஸ் அடிச்சு வந்திருக்கு மச்சாள். அண்ணன்ட பேருக்கு முன்னால "காலஞ்சென்ற" எண்டு போட்டிருக்கு. ஆர் சொன்னதெண்டு கேட்டன். ப்ரெஸ்ஸில அப்படித்தான் போடுறதாம். ரோட்டுக் கம்பம் எல்லாத்திலயும் அண்ணனைச் சாகடிச்சு ஒட்டியிருக்கிறாங்க.

உன்ட நெத்தியில நான்தான் பொட்டு வைச்சன். ஒருத்தி முணுமுணுத்தாள். நான் பாத்த பார்வையில வாயை மூடினாள்.

இந்த வருச மூடை மூலையில கிடக்கு. முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்கு அதைக் குத்திச் சமைப்பமா மாமி எண்டு உன்ட மகள் கேக்கிறாள். அது அண்ணனுக்கெண்டு வைச்சதல்லோ...

போயிட்டு வா குருவி. ஒண்டு மட்டும் சொல்லு... அண்ணனை அங்க கண்டியா, இல்லையா?