எந்தச் சிலிண்டருக்கு எந்தக் குழாய்

தண்ணீருக்கு அடியில் எப்படி மூச்சு விடுவது என்பதைப் பற்றி தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு மாதம் சண்டை நடந்தது. சண்டை போட்டவர்கள் நானும் என் மச்சானும். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ரொட்டி சுட்டுக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் என் மனைவி.

அறுபதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஓர் அணைக்கட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் முக்குளிக்கிற வேலை. தோட்டத்துப் பிள்ளைக்குத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திதானே எழுதியிருக்கிறது, நீ எப்படித் தண்ணீருக்குள் போனாய் என்று இன்றும் கேட்கிறார்கள். ஆற்றோரத் தோட்டத்தில் பிறந்தோம், நீந்தத் தெரியும், கூப்பிட்டார்கள், போனோம். அணையிலிருந்து மின்சார நிலையத்துக்குத் தண்ணீர் போகிற சுரங்கத்தின் வாயில் பெரிய கம்பி வலை ஒன்று இருக்கும். மேலே தோட்டங்களில் கவ்வாத்து நடக்கிற காலத்தில், வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகள் மழையில் அடித்துக்கொண்டு வந்து அந்த வலையை அடைத்துவிடும். அந்தக் குச்சியை மிலாறு என்போம். லயத்தில் அடுப்பெரிக்க அதற்கு அடிபிடி. இங்கே அதே சனியனைக் கட்டுக் கட்டாகப் பிடுங்கி எடுக்க இரண்டு பேர் உயிரைக் கொடுக்க வேண்டும்.

எங்களிடம் காற்றடைத்த சிலிண்டர் செட் இரண்டு இருந்தன. ஒன்று ஒற்றை, சின்ன வேலைக்கு. இன்னொன்று இரண்டு சிலிண்டரைச் சேர்த்துக் கட்டிய இரட்டை, நீண்ட வேலைக்கு. உள்ளே அழுத்தி அடைத்த காற்றை, நாம் இழுக்கிற அளவுக்கு வாய்க்கு விடுகிற கருவிதான் ரெகுலேட்டர். அதுவும் இரண்டு. பழையதில் கருவி முழுவதும் பிடரிக்குப் பின்னால் இருக்கும். அங்கிருந்து தும்பிக்கை மாதிரி இரண்டு தடித்த ரப்பர் குழாய் காதோரமாக வாய்க்கு வரும். ஒன்றில் காற்று வரும், மற்றதில் விட்ட மூச்சு போகும். புதிதாக வந்ததில் ஒரே ஒரு மெல்லிய குழாய். மிச்சக் கருவி வாயிலேயே இருக்கும், குமிழியும் அங்கேயே கொப்பளிக்கும்.

இதில் எந்தச் சிலிண்டருக்கு எது என்று முடிவு சொல்லுங்கள், அதன்படி இன்னும் வாங்க எழுதலாம் என்று இஞ்சினியர் ஐயா சொல்லிவிட்டார். அவர் சொல்லிவிட்டுப் போனார், இங்கே வீடு ரெண்டுபட்டது.

"ரெட்டைக்கு ரெட்டைக் கொழா, ஒத்தைக்கு ஒத்தைக் கொழா. இதுல என்னா மாப்ள யோசன?" என்பார் மச்சான்.

"மாட்டுக்குச் சோடி சேக்கிறீங்களா?" என்பேன் நான். எனக்கு அந்தப் பழசைக் கண்டாலே ஆகாது. அந்தக் குழாய்கள் மிலாற்றில் மாட்டும். வாயிலிருந்து கழன்றால் தண்ணீர் நிறையும். கையில் பிடித்து உயரத் தூக்கினால் காற்றைத் தானாகவே சீறிக் கொட்டும். மச்சானுக்கோ குமிழி பின்னால் போவது பிடித்திருந்தது. காதடியில் இரைச்சல் இல்லை, கயிற்றின் அசைவும் மதகின் சத்தமும் கேட்கும் என்பார். அதிலும் நியாயம் இருந்தது. அதை நான் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

நடுவில் மச்சானுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. இரட்டைச் சிலிண்டரோடு இறங்கிய நாளெல்லாம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கரையேறுவார், சோறு வேண்டாம் என்பார். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பழைய குழாயில் விட்ட மூச்சு முழுக்க வெளியே போகாமல் திரும்ப வருகிறது, அதுதான் தலைவலி என்றேன். இரட்டையில் நீண்ட நேரம் இருப்பதால் அதிகம் தெரிகிறது என்றேன். அவர் கடைசியில் இறங்கிவந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மாற்றிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அவர் இரட்டைச் சிலிண்டரில் புதுக் குழாய். நான் ஒற்றையில் பழசை மாட்டிக்கொண்டு மேலே காத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை என்றால் பூசையும் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் மெஷினுக்குக் காவல் தெய்வம் ரோதை முனி; ரோதை என்றால் சக்கரம். அவருக்குச் செய்யாமல் எங்கள் ஆட்கள் எந்தச் சக்கரத்தையும் தொடமாட்டார்கள். அணைக்கட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் எங்களோடு வந்தது. காற்றடைக்கிற கம்ப்ரசர் இருந்த தகரக் கொட்டகையில் ஒரு கல்லை நட்டுக் குங்குமம் வைத்திருந்தோம். கொழுந்து பறிக்கும் ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன் என் மனைவி தூபக்காலில் தணல் போட்டுச் சாம்பிராணி தூவிக் கொண்டுவருவாள். தூபத்தை முகத்துக்கு நேரேதானே காட்ட வேண்டும்? மெஷினுக்கு முகம் ஏது? காற்றை உறிஞ்சுகிற குழாயின் வாய்தான் முகம். அதற்கு நேரே காட்டி, அதன் கீழேயே வைத்துவிட்டுப் போவாள். தன் அண்ணனும் புருஷனும் ஒரே தண்ணீரில் இறங்குகிறார்களே என்று அவளுக்குப் பயம். அதனால் மற்றவர்களைவிட ஒரு பிடி அதிகமாகவே தூவுவாள்.

ஒற்றைச் சிலிண்டர் வியாழனே நிரம்பிவிடும். இரட்டை நிரம்ப நேரமாகும் என்பதால் வெள்ளி விடியலில் தொடங்கி, பூசை நடக்கும்போதும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருமுறை மச்சான் நிரம்பிய இரட்டைச் சிலிண்டரின் வாயைத் திறந்து முகர்ந்துவிட்டு, "முனி உள்ளயே வந்துட்டாரு மாப்ள" என்றார். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, ரப்பர் நாற்றம்தான் என்றேன். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை விடாத மழை. சாரல் அடிக்கிறதென்று கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

சுரங்க மதகை அடைத்த பிறகு மச்சான் இறங்கினார். தெப்பத்தில் கயிறு பிடித்தவர் மேசன் பாஸ் என்று நாங்கள் கூப்பிடுகிற சிங்களவர். கயிற்றை ஒருமுறை இழுத்தால் கீழிருந்து ஒருமுறை பதில் வர வேண்டும். வந்துகொண்டிருந்தது. இரண்டு கட்டு மிலாறு மேலே மிதந்து வந்தது. புதுக் குழாய் ஜெயித்துவிட்டது என்று நான் மனதுக்குள் கும்மியடித்துக்கொண்டிருந்தேன்.

பாஸ் இழுத்தார். பதில் இல்லை. மறுபடி இழுத்தார். இல்லை.

"தம்பி, மச்சான் பேசுறது இல்ல," என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். கயிறு கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. மிலாற்றில் சிக்கியிருந்தது. பழைய குழாயை வாயில் கடித்துக்கொண்டு குதித்தேன்.

அந்தத் தண்ணீரில் கண் ஒரு முழத்துக்கு மேல் உதவாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனேன். காலில் குச்சி பட்டது, பிறகு கம்பி, பிறகு ஒரு தோள். மச்சான் வலையில் முதுகைச் சாய்த்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். குழாய் வாயிலேயே இருந்தது. குமிழி அரிதாக வந்தது. உலுக்கினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், யாரோ என்பது போல மூடிக்கொண்டார்.

புதுக் குழாய் காற்று விடவில்லை என்றுதான் நினைத்தேன். நான் வாதாடி மாட்டவைத்த குழாய். என் தங்கமான வாதம் இந்த மனுஷனைக் கொல்கிறது. ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு என் குழாயை எடுத்து உயரத் தூக்கினேன். நான் சபித்த அதே குணம், சீறிக்கொண்டு காற்றைக் கொட்டியது. அவர் வாயிலிருந்ததைப் பிடுங்கிவிட்டு அந்தச் சீறலை அவர் பல்லுக்கிடையில் திணித்தேன். அவருடையதை என் வாயில் வைத்து, உள்ளே இருந்த தண்ணீரை ஊதித் தள்ளி, இழுத்துப் பார்த்தேன்.

காற்று தாராளமாக வந்தது. ஒரு குறையும் இல்லை. அதோடு வந்தது சாம்பிராணி.

வாசனை என்று சொல்ல முடியாது, புகையே வந்தது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய எங்கள் வீடு முழுவதும் அந்தத் தண்ணீருக்கு அடியில் என் தொண்டைக்குள் இறங்கியது. குளிருக்குப் பயந்து கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத கதை எங்கள் மலையில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. தூபக்கால் குழாயின் வாய்க்குக் கீழே இருந்தது. வைத்தவள் யார் என்பதும் தெரியும்.

கத்தியால் கயிற்றைச் சுற்றிய குச்சிகளை அறுத்தேன். என் முதுகுக் காற்றை அவர் குடிக்க, அவர் முதுகுக் காற்றை நான் குடிக்க, முகத்தோடு முகம் ஒட்டித்தான் ஏற முடியும். ஏறும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது, நெஞ்சு கிழிந்துவிடும். அதனால் இழுப்பதைக் குறைத்து விடுவதைக் கூட்டினேன். அவரும் மூச்சு விடுகிறாரா என்று என் பிடரிக்குப் பின்னால் போகும் குமிழியின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பழைய குழாயில் அது நன்றாகக் கேட்டது.

கரையில் மச்சான் வாந்தி எடுத்தார். எனக்கும் தலை பிளந்தது. கொஞ்சம் தெளிந்ததும் அவர் முதலில் சொன்னது, "மாப்ள, புதுக் கொழா நல்லாத்தான் இருக்கு." அடிக்கலாம் போல வந்தது. அடிக்காமல் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

யாரோ மலைக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். என் மனைவி கொழுந்துக் கூடையின் கயிறு தலையிலேயே இருக்க ஓடிவந்தாள். அண்ணன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள். ஒரு மாதமாக எங்கள் சண்டையைக் கேட்டவள் அல்லவா, முதலில் கேட்டது அதைத்தான்.

"எந்தக் கொழாய்ங்க?"

"கொழாய்ல ஒண்ணுமில்ல," என்றேன். மச்சான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். கீழே கிடந்த இரட்டைச் சிலிண்டரின் பக்கத்தில் குந்தி, வாயில் கடிக்கிற ரப்பரை எடுத்தாள். அது இன்னும் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"என் கையாலயாண்ணே?" என்றாள்.

"நீ எனக்குக் காவலுக்குத்தான வச்ச, ஆத்தா," என்றார் மச்சான். அவள் எழுந்தாள். கொட்டகைக்குப் போய்த் தூபக்காலை எடுத்துவந்து தணலைத் தண்ணீரில் கொட்டினாள்.

இஞ்சினியர் ஐயா முடிவைக் கேட்டபோது, இரண்டு சிலிண்டருக்கும் இரண்டு குழாயும் சரிதான், ஆளுக்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று ஒரே குரலில் சொன்னோம். ஒரு மாதம் போட்ட சண்டை என்ன ஆனது என்று அவர் விழித்தார். நடந்ததைச் சொன்னோம். பூசைக் கல்லைக் கொட்டகைக்குப் புகை வராத திசையில் ஆற்றோரமாக நட்டோம். கம்ப்ரசரின் உறிஞ்சு குழாயை நீட்டி மரத்து உயரத்துக்குக் கொண்டுபோனோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பெரட்டுக்குப் போகவில்லை. விடியலிலிருந்து கொட்டகை வாசலில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். பீடி பற்றவைக்க வந்தவர்களை அந்தப் பக்கம் அண்டவிடவில்லை. இரட்டைச் சிலிண்டர் நிரம்பியதும் மச்சான் அதில் பழைய இரட்டைக் குழாயையே மாட்டி முதுகில் ஏற்றினார். தெப்பத்துக்குப் போகும் முன் அவளுக்கு முன்னால் வந்து நின்று, வாய்ப்பக்கத்து ரப்பரை அவளிடம் நீட்டினார்.

அவள் குனிந்து நெடுநேரம் முகர்ந்தாள்.

"வாசன ஒண்ணும் இல்லண்ணே," என்றாள். "எறங்குங்க."