தணிகாசலத்துக்குத் தாமதமாகச் சொன்ன பொருள்

செய்தி வந்தபோது நான் வாசலில் நின்று, வண்டிக்காரரிடம் கத்தரிக்காயைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான்கில் இரண்டு சொத்தை. உள்ளே மேசைமேல் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது; போய் எடுத்தேன். இரும்பு வார்க்கும் நம் ஃபவுண்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழு. "தணிகாசலம் சார் இன்று காலை காலமானார். வேப்பம்பட்டு வீட்டில் உடல் வைக்கப்பட்டுள்ளது." அதன் கீழே உங்கள் இரங்கல்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. வெரி சின்சியர் மேன். சின்சியரான இன்ஸ்பெக்டர். சின்சியாரிட்டிக்கு இன்னொரு பெயர் தணிகாசலம்.

அந்தச் சொல்லைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். வண்டிக்காரர் வாசலிலிருந்து, "இன்னாம்மா ஆச்சு? காய வேணா மாத்தித் தரேன்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சின்சியர் என்ற சொல் பிறந்த கதையை அவர் உங்களில் பலருக்குச் சொல்லியிருப்பார். கடைசி நாட்களில் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தக் கதை தவறு, தவறு தன்னுடையது என்றும் சொல்லியிருப்பார். கதை தவறுதான். ஆனால் அது அவருடைய தவறு இல்லை. அதைச் சரி செய்யாமல் அவருக்கு அஞ்சலி எழுத என்னால் முடியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் ஃபவுண்டரி நடந்த காலத்தில் நான் பொது மேலாளரின் செயலராக இருந்தேன். தணிகாசலம் வார்ப்புகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர். பாடியில் பிறந்து, பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு தடித்த ஊசி வைத்திருப்பார். வார்ப்பு ஆறும்போது உள்ளே காற்று அடைபட்டால் இரும்பில் சிறு துளைகள் விழும். சிலர் மெழுகோடு இரும்புத்தூளும் கரியும் குழைத்து அதை மூடிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. தணிகாசலத்தின் ஊசிக்குத் தெரியும். அவர் தலை தெரிந்ததும், அச்சு செய்யும் மோல்டிங் பகுதியில் ஒரு குரல் எழும்: "டேய், ஊசி வர்றாருடா, பல்லு ஓட்டையக்கூட மூடிக்கோ!" அவரும் சிரித்துக்கொண்டே வருவார். வந்து திருப்பி அனுப்புவார்.

என் மேசைக்கு வரும் கடிதங்களையும் நான் அப்படித்தான் திருப்பி அனுப்பினேன். ஒரு கால்புள்ளிக்காக மூன்று முறை தட்டச்சு செய்ய வைத்திருக்கிறேன். ஆலையில் எங்கள் இருவரையும் யாருக்கும் பிடிக்காது என்பது எங்களுக்குத் தெரியும். அதனாலேயே எங்களுக்குள் ஒரு மரியாதை இருந்தது. கடைசி வரை அவர் எனக்கு மிஸ்டர் தணிகாசலம், நான் அவருக்கு மேடம்.

ஒருநாள் தன் நிராகரிப்பு அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி வந்தார். நான் முடித்துக் கொடுத்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கடிதத்தின் கடைசியில் எப்போதும் வரும் சின்சியர்லி என்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். கான்வென்ட்டில் எங்கள் மதர் சொன்ன கதையை அப்படியே சொன்னேன். பழைய ரோமாபுரியில் சிற்பிகள் பளிங்கில் விழுந்த விரிசலை மெழுகால் மூடி விற்பார்கள். நேர்மையான சிற்பி தன் கடையில் "சினே சேரா", அதாவது மெழுகு இல்லாதது, என்று எழுதி வைப்பான். அந்த இரண்டு லத்தீன் சொற்கள் சேர்ந்துதான் சின்சியர் ஆயிற்று. மதர் அதைச் சொன்ன விதத்தில் அதைச் சந்தேகிக்க எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

 தணிகாசலம் முகமெல்லாம் சிரிப்பாக, "ரோமாபுரிலயுமா மேடம்? அப்ப நம்ம மோல்டிங் கேங்கு அங்கியும் இருந்துகீதுன்னு சொல்லுங்க!" என்றார்.

அன்றிலிருந்து அது அவர் கதை. புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு முதல் நாளே சொல்வார். தன் ஓய்வு விழாவில் மைக்கைப் பிடித்துச் சொன்னார். பசப்பான பேச்சு எதற்கும் மெழுகு என்று பெயர் வைத்தார். என் கணவர் இறந்தபோது ஆலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும், அவரைப் பார்த்தே இராதவர்கள்கூட, அவரைப் புகழ்ந்தார்கள். தணிகாசலம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "சாரை எனக்கு அவ்ளோவா தெரியாது மேடம். தெரியாத மனுசன பத்தி நல்ல வார்த்த சொன்னா அது மெழுகு. நீங்க சாப்ட்டீங்களா?" என்றார். அந்த வாரம் முழுவதும் எனக்கு ஆறுதலாக இருந்தது அந்த ஒரு பேச்சுதான்.

ஒரே ஒரு முறை அவர் ஊசிக்குத் தப்பிய வார்ப்புகள் வெளியே போயின. காய்ச்சலோடு வேலைக்கு வந்த நாளில் அவர் சரி என்று அனுப்பிய பம்ப் உறைகள். வாங்கிய கம்பெனியின் புகார்க் கடிதம் என் மேசைக்குத்தான் வந்தது. வேறு யாரையாவது அனுப்பி எடுத்து வரலாம் என்றார் மேலாளர். தணிகாசலம் கேட்கவில்லை. "உட்டவன் நான் சார். கொணாற வேண்டியவனும் நான்தான்" என்று லாரியில் ஏறிப் போனார். இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்துப் பிரித்து எடுத்து வந்தார். இறங்கியதும் என்னிடம், "பாஸ்னு சொல்றதுக்கு ஒரு செகண்டு மேடம். திருப்பி எடுத்தாற ஒரு லாரி வேணும்" என்றார்.

இனி என் பங்கு. சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பின் ஆண்டு மலருக்கு, ஆங்கிலச் சொற்களின் பிறப்பைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். சின்சியரில் தொடங்கலாம் என்று நினைத்தேன். அச்சில் வருவதென்றால் சரிபார்க்காமல் கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை. நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியை எடுத்தேன். மெழுகுக் கதைக்கு ஆதாரம் கிடையாது, பின்னால் யாரோ கட்டியது என்று அதில் இருந்தது. அந்த லத்தீன் சொல்லுக்குச் சுத்தமானது, கலப்பில்லாதது என்றே பொருள். முற்காலத்தில் தண்ணீர் கலக்காத பாலுக்குக்கூட ஆங்கிலத்தில் அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றாகவே விளைந்தது, ஒரே வளர்ச்சி உடையது என்பது அதன் வேர்ப்பொருளாக இருக்கலாம் என்பது அறிஞர்களின் ஊகம். இன்னொரு அகராதியும் பார்த்தேன். அதுவும் அதையே சொன்னது.

கண் வலி என்று சொல்லிக் கட்டுரையைத் தவிர்த்தேன். தணிகாசலத்திடம் சொல்லவில்லை. பொங்கலன்று வழக்கம்போல அவர் தொலைபேசியில் அழைத்தார். அப்போதும் சொல்லவில்லை. பேரனின் பள்ளி விழாவில் மெழுகுக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியதைச் சொன்னார். "ரொம்ப சந்தோஷம்" என்றேன். ஆங்கிலத்தில் நான் தவறு செய்தேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவ்வளவுதான். இதைவிட நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

நான் அகராதியைப் பார்த்து எட்டு மாதம் ஆனபோது அவர் மகள் செல்வி அழைத்தாள். அப்பாவுக்கு நெஞ்சில் நோய், மருத்துவமனையில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள். அம்பத்தூரில் ரயிலேறி வேப்பம்பட்டு போனேன். மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். நான் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"அப்ப மெழுகே இல்லியா மேடம் அதுல?"

"இல்லை, மிஸ்டர் தணிகாசலம்."

"வேற இன்னா கீது?"

கலப்பில்லாதது, ஒன்றாகவே விளைந்தது என்று அகராதியில் கண்டதைச் சொன்னேன். அது ஊகம்தான் என்றும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"ஒரே ஊத்து" என்றார்.

புரியாமல் நின்றேன். மூச்சு வாங்க வாங்க விளக்கினார். உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும்போது நடுவில் கை நிற்கக்கூடாது. நின்று ஊற்றினால், முன்னது ஆறி, பின்னது அதோடு சேராமல் உள்ளே ஒரு கோடு விழும். மேலே பார்க்க நன்றாக இருக்கும், அடித்தால் அங்கேதான் பிளக்கும். கை நிற்காமல் ஒரே ஊற்றாக ஊற்றியதுதான் முழு வார்ப்பு. "அதான் மேடம் அந்த வார்த்த. மெழுகு இல்லன்னா, இல்லாதத சொல்றோம். இது இருக்கிறத சொல்லுது. அத்தவிட இது நல்லா கீதே!"

செல்வியைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எப்ப பாத்தீங்க மேடம் இத்த?"

பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் முடியவில்லை. "எட்டு மாசம் ஆச்சு" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். "தப்பு பீஸு யாருக்கும் வரும் மேடம். நல்ல பீஸ வச்சிகினு குடுக்காம இருந்தீங்களே" என்றார். கோபமில்லை. கோபித்திருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். செல்வி காப்பி கொண்டுவந்தாள், குடித்தேன். புறப்படும்போது, "பாத்து போங்க மேடம், பிளாட்பாரம் ஒசரம்" என்றார். அதற்குப் பிறகு அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை.

செய்தி வந்த அன்று, அவர் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே, பழைய மோல்டர் முனுசாமி என் அருகில் வந்து உட்கார்ந்தார். ஊசி வருகிறார் என்று கத்துவதில் முதல் குரல் அவருடையதுதான்.

"எனக்கு போன் பண்ணார் மேடம். மூச்சு வாங்குது, உடாம பேசுறாரு. 'டேய் முனுசாமி, நான் சொன்ன மெழுகு கத தப்புடா, தெரியாம பாஸ் பண்ட்டேன், திருப்பி எடுத்துக்கிறேன்'ன்றாரு. 'அண்ணாத்தே, அத்த நான் எப்பவோ மறந்துட்டேன், நீ மொதல்ல மருந்த சாப்டு'ன்னேன். உடலியே. வேற இன்னாவோ ஊத்துன்னு சொல்லி, அத்த என்னையும் திருப்பிச் சொல்ல வச்சிட்டுதான் போன வச்சாரு."

"கதையை அவருக்கு யார் சொன்னது என்று சொன்னாரா?"

"அவுரு கததான மேடம் அது?"

நம்மில் யார் யாருக்கு அந்தக் கதையைச் சொல்லியிருந்தார் என்று நினைவுபடுத்திக்கொண்டு, செல்வியை எண் போடச் சொல்லி, ஒவ்வொருவராக அழைத்திருக்கிறார். பேரனின் பள்ளிக்கும் பேசியிருக்கிறார். ஒருவரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. ஆலையில் எந்த நிராகரிப்பு அறிக்கையிலும் செய்தவர் பெயரை விடாமல் எழுதியவர், இந்த ஒன்றில் மட்டும் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். என்னை மன்னித்தாரா, வயதானவளைச் சந்தி சிரிக்க விடவேண்டாம் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. முனுசாமியிடம் அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பந்தல் நிறையப் பழைய ஆட்கள் இருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

இப்போது சொல்கிறேன். மெழுகுக் கதையை அவருக்குச் சொன்னது நான். தவறென்று தெரிந்தபின் மறைத்ததும் நான். அவர் அழைக்க நினைத்து, முடியாமல் விட்டுப்போன சிலரின் பெயர்களைச் செல்வியிடமிருந்து வாங்கி, நான் பேசிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாருக்காவது அழைப்பு வராவிட்டால் இதையே அழைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். குழுவில் அவரைப் பற்றி நீங்கள் எழுதிய சொல் சரியான சொல்தான். பொருளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பொருள் அவர் கண்டது.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள நல்ல நினைவுகள் பல உண்டு. ஆனால் காலையில் எழுந்ததும் என்னிடம் இருப்பது ஒரு கணக்குதான். நான் வேப்பம்பட்டு போய்வந்த பிறகு அவர் இருபத்திரண்டு நாள் இருந்தார். அந்தச் சொல்லின் நல்ல பொருள் அவரிடம் இருந்தது இருபத்திரண்டு நாள். தெரிந்த அன்றே நான் சொல்லியிருந்தால் இன்னும் எட்டு மாதம் இருந்திருக்கலாம்.