சம்பந்தியம்மாவுக்குச் சீஸ் பிஸ்கட்

சமையல்காரன் பிழைப்பில் தெரிந்த பதார்த்தத்துக்குப் பாராட்டு கிடையாது, தெரியாத பதார்த்தத்துக்கு மன்னிப்பு கிடையாது. பிறர் வீட்டு அடுப்படியில் வெந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில், ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் ஒருவர் வீட்டில் எனக்குச் சமையல் வேலை. வீட்டம்மா டோரத்தி. மகள் எலன், திண்டிவனத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் சட்டைக்கார வீட்டுப் பெண், அதாவது ஆங்கிலோ இந்தியப் பெண், வேண்டாம் என்று பையனின் அம்மா பிடிவாதமாக இருந்தார். மகன் மன்றாடியதால் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு மட்டும் வரச் சம்மதித்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி, கேக் ஆகாது. அதனால் உப்பும் காரமுமாகச் சீஸ் பிஸ்கட் சுட்டு வைப்போம் என்றார் டோரத்தியம்மா. நான் சீஸைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

எல்லையில்

சீஸ் வாங்கப் புதுச்சேரிக்குப் போனேன். அப்போது அது பிரெஞ்சுக்காரர் ஊர். திரும்பும்போது எல்லையில் மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டும். என் பொட்டலத்தைப் பிரித்த சோதனைக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு இது என்ன என்று கேட்டார். பாலில் செய்தது என்றேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த, கெடார் ஊர்க்காரரான மல்லாட்டை (வேர்க்கடலை) வியாபாரி, துண்டால் மூக்கைப் பொத்தியபடி எனக்காகப் பரிந்து பேசினார்: "உட்ருங்க சார், கெட்டுப்போனத எவனோ இந்தாள் தலையில கட்டிட்டான்."

இரண்டு கை உப்பு

மாவு, வெண்ணெய், துருவிய சீஸ், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுப் பிசைந்தேன். வழக்கம்போல உப்பும் போட்டேன். நான் விறகெடுக்கப் போன நேரத்தில், உதவி செய்வதாக எண்ணி எலனும் உப்புப் போட்டிருக்கிறாள். சீஸிலேயே உப்பு உண்டு என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. முதல் ஈடு வாயில் வைக்க முடியவில்லை. எலன் அழுதுவிட்டாள். உப்பில்லாமல் இன்னொரு பங்கு மாவு பிசைந்து மீதி மாவோடு சேர்த்துவிடலாம் என்று அவளைத் தேற்றினேன். டூட்டி முடிந்து வந்த டிரைவர் ஐயா முதல் ஈட்டை மட்டும் தன் ரம் கிளாஸுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "இது எனக்கு, சம்பந்திக்கு வேற சுடு மேன்."

தேக்சா அடுப்பு

பிஸ்கட் சுட அந்த வீட்டில் தனி அடுப்பு கிடையாது. தேக்சா என்கிற பெரிய பாத்திரத்தில் மணல் பரப்பி, உள்ளே தட்டை வைத்து, மூடிமேல் கரி நெருப்பு போடுவோம். கீழே தீ அதிகமாகிப் பாதி பிஸ்கட்டின் அடி கருகியது. நல்ல துருவியை எடுத்து ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டிருந்த டோரத்தியம்மா தலை நிமிராமல் சொன்னார்: "மேல் பக்கம் சிரிக்குது, அது போதும்."

வந்தார்கள்

பையனின் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கறியைத் தொடவில்லை. காலையிலேயே சாப்பிட்டாயிற்று என்றார். நான் பிஸ்கட் தட்டை நீட்டினேன். இனிப்பில்லை என்று மகன் சொன்ன பிறகு ஒன்றை எடுத்துக் கடித்தார். இரண்டாவதை அவரே எடுத்தார். ரொம்ப நாளாகத் தன் முன்னால் எல்லோரும் கேக் தின்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தே பழகிவிட்டதாகச் சொன்னார். பிறகு டோரத்தியம்மாவிடம், "உங்க பொண்ணுக்கு இத சுடத் தெரியுமா?" என்றார்.

டோரத்தியம்மா என்னைப் பார்த்தார். பிறகு, "தெரியாதுங்க, உப்பு அதிகமாப் போட மட்டும் தெரியும்," என்று உள்ளதைச் சொன்னார். அந்தம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, எலனைப் பக்கத்தில் வரச் சொன்னார். "எங்க ஊட்ல அடுப்பு பெருசு. வந்து கத்துக்கினு சுடு, உப்பு நான் பார்த்துக்கறேன்."

பிஸ்கட் கருகினால் சமையல்காரன் கை சரியில்லை என்பார்கள், கல்யாணம் கூடிவந்தால் எல்லாம் ஆண்டவர் கிருபை என்பார்கள்.